ஒகேனக்கலுக்கும் மேலகிரிக்கும் முதல்முறை வருகிறவர்களுக்கு: கேட்டுவிட்டு வாருங்கள்

என் சித்தி மகன் சென்னையில் இருக்கிறான். சில வருடங்களுக்கு முன்பு ஓர் ஆடி மாதச் சனிக்கிழமை, விடியற்காலையில் அவனிடமிருந்து போன் வந்தது. "அண்ணா, ஒகேனக்கல் வந்துக்கிட்டு இருக்கோம். வேன்ல பன்னிரண்டு பேரு. வாணியம்பாடி தாண்டிட்டோம்." முந்தின நாள் சாயங்காலமே காவிரியில் தண்ணீர் ஏறி, குளிக்கவும் பரிசல் விடவும் தடை போட்டிருந்தார்கள். சொன்னேன், அவன் நம்பவில்லை. "மழையே இல்லையேண்ணா, நல்லா வெயில் அடிக்குதே" என்றான். வந்தார்கள். தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றபடி, செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போகும் ஆற்றைப் பார்த்தார்கள். குழந்தைகள் அழுதன. மீன் சாப்பிட்டுவிட்டு அன்றைக்கே திரும்பிப் போனார்கள்.

அவன் மேல் தப்பில்லை. யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நான் பென்னாகரத்துக்காரன். சொந்தக்காரர்கள், நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று வருடத்துக்கு நாலைந்து கூட்டமாவது என்னிடம் வழி கேட்டு வருவார்கள். அவர்களுக்கு வாய்விட்டுச் சொன்னதையெல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன். எங்கள் மலைக்கும் ஆற்றுக்கும் வருவதற்கு முன்னால் சில கேள்விகள் கேட்டாக வேண்டும். அவற்றை வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தாலே பயணத்தில் பாதி ஒழுங்காகிவிடும்.

முதல் கேள்வி உங்களுக்கே: எதற்கு வருகிறீர்கள்?

தருமபுரி 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. காகிதத்தில்தான் இரண்டு மாவட்டம், காடு ஒன்றுதான். ஆனால் அந்தக் காட்டுக்குள்ளேயே மூன்று விதமான பயணம் இருக்கிறது. ஒன்றுக்குச் செய்த ஏற்பாடு இன்னொன்றுக்கு ஆகாது.

முதலாவது, தண்ணீர். அதாவது ஒகேனக்கல். குடும்பத்தோடு, வயதானவர்களோடு ஒரே நாளில் போய்வரலாம். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர் போல வரும், பேருந்து நிறைய உண்டு.

இரண்டாவது, மலை ஊர்கள். தருமபுரிக்குப் பக்கத்தில் வத்தல்மலை, அரூர்ப் பக்கம் சித்தேரி. காப்பிச் செடியும் சாமைக் காடும் ஓட்டு வீடுகளும் உள்ள, மக்கள் வாழ்கிற மலைகள் இவை. கோயிலோடு சேர்த்து மலை ஏற ஆசைப்படுகிறவர்களுக்கு அரூர் அருகே தீர்த்தமலை இருக்கிறது. படி ஏறினால் தீர்த்தகிரீஸ்வரர்.

மூன்றாவது, காட்டு நடை. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரி, உரிகம் பக்கத்து மேலகிரி மலைகள், அய்யூர், சாமி ஏரி, குத்திராயன் மலை இதெல்லாம் இந்தக் கணக்கில் வரும். இது யானைக் காடு. அனுமதி இல்லாமல் ஒரு அடிகூட உள்ளே வைக்கக் கூடாது.

முதல்முறை வருகிறவர்கள் இந்த மூன்றையும் ஒரே சனி, ஞாயிறில் திணிக்கப் பார்க்கிறார்கள். வேண்டாம். மலைப்பாதையில் வண்டி ஓட்டியே இரண்டு நாளும் போய்விடும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், மற்றவை எங்கேயும் ஓடிப் போகாது.

எந்த மாதம்?

கார்த்திகை கடைசியிலிருந்து தை முடிய நடப்பதற்கு நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை முடிந்து காடு பச்சையாக இருக்கும், ஓடைகளில் கொஞ்சம் தண்ணீர் இருக்கும், காலையில் மேலகிரியில் நல்ல குளிர். ஆனால் அதே மாதங்களில்தான் ராகி அறுப்பும் நடக்கிறது, யானைக் கூட்டங்களும் கிராமங்களை ஒட்டி வருகின்றன. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

மாசி பிறந்துவிட்டால் இலை உதிர்ந்து காடு காய்ந்துவிடும். அது தீக்காலம். பிப்ரவரி நடுவிலிருந்து மலையேற்றப் பாதைகளை வனத்துறை மூடிவைப்பது வழக்கம். "கேட் மூடியிருந்தா என்ன, பக்கவாட்டுல போயிடலாம்" என்று யாராவது சொன்னால் அவரோடு போகாதீர்கள். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். மலையேறப் போன இளம் பிள்ளைகள். காய்ந்த புல்லில் தீ மேல்நோக்கி ஏறும்போது மனிதர் ஓடும் வேகத்தை அது மிஞ்சிவிடும். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் இறுகின. அந்த விதிகள் இருப்பது நம் உயிருக்காகத்தான்.

சித்திரை, வைகாசியில் மலைக்குப் பதிலாகக் கீழே வாருங்கள். கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் செந்தூராவும் பெங்களூராவும் காய்த்துத் தொங்கும் நேரம் அது.

காட்டுக்குள் போக யாரிடம் கேட்பது?

காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். சரணாலயம் என்றால் சட்டம் இன்னும் கடுமை. இங்கே இரண்டு சரணாலயங்கள் இருக்கின்றன. காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 504 சதுர கிலோமீட்டருக்கு மேல். காவேரி தெற்கு 2022 நவம்பரில் வந்தது, 686 சதுர கிலோமீட்டர். இரண்டும் இரு மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கின்றன. ஆற்றுக்கு அக்கரையில் கர்நாடகத்தின் காவேரி சரணாலயம், மாதேஸ்வரன் மலை, அங்கிருந்து சத்தியமங்கலம் என்று காடு தொடர்ந்து போகிறது. ஒரு யானை இந்த வழியெல்லாம் நடந்து போய் நடந்து வருகிறது.

இரண்டு வழியில் அனுமதி கேட்கலாம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் மாநிலம் முழுக்க 40 பாதைகளை அறிவித்தார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாதைகளும் அதில் உண்டு. இணையத்திலேயே முன்பதிவு செய்யலாம். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். முதல்முறை என்றால் எளிதையே எடுங்கள். ஜிம்முக்குப் போகிறவராக இருந்தாலும் சரி, வெயிலில் பாறையில் நடப்பது வேறு. கூட வரும் வழிகாட்டிகள் அந்தந்த மலையடிவாரத்து, பழங்குடி ஊர்களைச் சேர்ந்தவர்கள். நீங்கள் கட்டும் பணத்தில் ஒரு பங்கு அந்த ஊருக்குப் போகிறது என்பதே எனக்கு இந்தத் திட்டத்தில் பிடித்த விஷயம்.

இன்னொரு வழி நேராக மாவட்ட வன அலுவலகம். தருமபுரிக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளுக்கு ஓசூர். எந்தப் பாதை திறந்திருக்கிறது, அய்யூரில் தங்க இடம் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். "எனக்கு ரேஞ்சரைத் தெரியும், உள்ளே கூட்டிட்டுப் போறேன்" என்று சமூக ஊடகத்தில் ஆள் சேர்ப்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள். அனுமதிச் சீட்டு உங்கள் பெயரில், உங்கள் கையில் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு கூட்டம் அப்படி நம்பிப் போய், கூட்டிப் போனவர் பாதியில் நழுவிவிட, அபராதம் கட்டிவிட்டுத் திரும்பி வந்தது.

பையில் என்ன?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், எவர்சில்வர் பாட்டிலில். காட்டு ஓடையை நம்பி வராதீர்கள், பெரும்பாலும் வறண்டிருக்கும். கணுக்கால் மூடும் ஷூ, முழுக்கால் பேண்ட், முழுக்கைச் சட்டை. உன்னிச்செடி முள் கையைக் கிழித்துவிடும். நிறம் காக்கி, பச்சை, மண் நிறம். தொப்பி. எலுமிச்சை சாதம், புளிசாதம் போல கெடாத சாப்பாடு, டிபன் பாக்ஸில். உப்பு, சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு. டார்ச். சென்ட் வேண்டாம், பாறை இடுக்குகளில் மலைத்தேனீ அடை அடையாகத் தொங்குகிறது. ப்ளூடூத் ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். காட்டில் காதுதான் உங்களைக் காப்பாற்றும், அதை அடைத்துக்கொள்ளக் கூடாது.

ஒகேனக்கல்: தண்ணீரிடம் கேட்பது எப்படி

வெயில் அடிக்கும் நாளில் வெள்ளம் வருமா என்று சித்தி மகன் கேட்டான் அல்லவா, அதற்குப் பதில் இது. ஆனி, ஆடி, ஆவணியில் இங்கே பெய்யும் மழைக்கும் ஒகேனக்கல் தண்ணீருக்கும் சம்பந்தம் குறைவு. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டினால் கிருஷ்ணராஜ சாகரும் கபினியும் நிரம்பும். அங்கே மதகு திறந்தால் இரண்டு நாள் போல கழித்துத் தண்ணீர் நம்மிடம் வந்து சேரும். தமிழ்நாட்டுக்குள் காவிரி நுழையும் இடம் பிலிகுண்டுலு. மத்திய நீர்வள ஆணையம் அங்கே தண்ணீரை அளக்கிறது. உச்சநீதிமன்றம் 2018-இல் தமிழ்நாட்டுக்கு வருடத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று சொன்னதும் இந்தப் பிலிகுண்டுலுக் கணக்கில்தான்.

ஆகவே செய்ய வேண்டியது எளிது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து செய்திகளில் "ஒகேனக்கல் நீர்வரத்து" என்று தேடிப் பாருங்கள். எத்தனை ஆயிரம் கன அடி, ஏறுகிறதா இறங்குகிறதா என்று தினமும் போடுவார்கள். எண்ணைவிட அது போகும் திசை முக்கியம். நேற்று எட்டாயிரம், இன்று பதினைந்தாயிரம் என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். இறங்கிக்கொண்டு வந்தால் மாவட்ட நிர்வாகம் தடையை எடுத்துவிட்டதா என்று மறுபடி பாருங்கள். கபினி, கிருஷ்ணராஜ சாகர் திறப்புச் செய்தியையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும்.

வந்த பிறகு பரிசல். முன்பெல்லாம் மூங்கில் பின்னி மாட்டுத்தோல் போர்த்திச் செய்வார்கள். இப்போது தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் ஷீட்டும் ஃபைபரும் வந்துவிட்டன. கவுண்டரில் பணம் கட்டி ரசீது வாங்குங்கள். ஒரு பரிசலில் எத்தனை பேர் என்பதை அங்கேயே கேட்டு, அதற்கு மேல் ஒரு குழந்தையைக்கூட ஏற்றாதீர்கள். "மடியில வச்சுக்கிறோம்" என்ற பேச்சு வேண்டாம். லைஃப் ஜாக்கெட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளாமல் கொக்கி எல்லாவற்றையும் மாட்டுங்கள். நடு ஆற்றில் எழுந்து நின்று படம் எடுக்காதீர்கள். பரிசலுக்கு முன்பின் கிடையாது, ஒருவர் சாய்ந்தால் மொத்தமும் சாயும். பரிசல் ஓட்டி தடை நாட்களில் வருமானம் இல்லாமல் கரையில் உட்கார்ந்திருக்கும் மனிதர். தண்ணீர் குறைந்த நாளில் அவர் ஒரு பாதையில் போக மாட்டேன் என்றால் காசு கூடக் கொடுத்து வற்புறுத்தாதீர்கள். பாறை எங்கே இருக்கிறது என்று அவருடைய துடுப்புக்குத் தெரியும்.

குளிக்க அனுமதித்த இடத்தில் மட்டும் குளியுங்கள். கம்பி போட்டிருக்கும் மெயின் அருவிப் பக்கம் பாறை வழுக்கினாலும் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும். ஆளில்லாத மணல் திட்டு பார்ப்பதற்கு அமைதியாக இருக்கும். ஆனால் அடியில் பாறைக் குடைவு இழுத்துக்கொள்ளும், முதலையும் இந்த ஆற்றில் உண்டு. வருடந்தோறும் இங்கே சாகிறவர்களில் நீச்சல் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்.

இனி நான் மனசுவிட்டுக் கேட்கும் ஒரு விஷயம். ஒகேனக்கல் என்றால் எண்ணெய் மசாஜ், அதன் பிறகு குளியல். வேண்டாம் என்று சொல்லவில்லை, மசாஜ் செய்பவர்களின் குடும்பம் அதில்தான் ஓடுகிறது. ஆனால் குளித்துவிட்டு எழும்போது கரையைப் பாருங்கள். ஷாம்பு பாக்கெட், சீயக்காய்ப் பாக்கெட், சோப்பு உறை, கழற்றிப் போட்ட பழைய துணி. எல்லாமே ஆற்றோடு போகும். 2013-இலிருந்து இந்த ஆற்றுத் தண்ணீர்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் குழாய்களுக்குப் போகிறது. அந்தத் திட்டம் ஏன் வந்தது தெரியுமா? எங்கள் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். என் வயதுக்காரர்கள் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். என் பெரியம்மா நாற்பது வயதிலேயே முட்டி மடக்க முடியாமல் சுவரைப் பிடித்து எழுந்தார். எலும்பைத் தின்னும் அந்த நஞ்சிலிருந்து எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றிய தண்ணீர் இது. ஜப்பானியக் கடனுதவியோடு, 1,928 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கொண்டுவந்தது. சீயக்காய்த் தூளை வீட்டிலிருந்தே ஒரு டப்பாவில் கொண்டுவாருங்கள். பாக்கெட்டும் சோப்பும் வேண்டாம். துணியை ஆற்றில் விடாதீர்கள், பரிகாரம் என்று யார் சொன்னாலும்.

இதே தண்ணீரில் நீர்நாய் குடும்பங்கள் வாழ்கின்றன. மகசீர் மீன் இருக்கிறது, மென்னோட்டு ஆமை இருக்கிறது. கரையில் வரிசையாக நிற்கும் பெரிய, வெளிர்பட்டை மரங்கள் நீர்மருது. அவற்றின் கிளைகளில்தான் நரைத்த நிறத்து மலை அணில் கூடு கட்டுகிறது. அதிகாலையில் வந்து, பேசாமல் ஒரு அரைமணி நேரம் கரையில் உட்கார்ந்தால் நீர்நாய் தென்படலாம். நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் தனியாகத்தான் இருந்தேன்.

மீன் சாப்பிடும்போது இலையில் கேளுங்கள், பிளாஸ்டிக் தட்டில் வேண்டாம் என்று சொல்லுங்கள். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாநிலம் முழுக்கத் தடை. கேட்கிறவர்கள் கூடினால் கடைக்காரர் மாறுவார்.

யானை

பன்னேர்கட்டா காட்டிலிருந்து மழை முடியும் சமயத்தில் யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாகத் தளி, தேன்கனிக்கோட்டை, நொகனூர் என்று வரும். சில கூட்டங்கள் ஓசூர், கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையைத் தாண்டிச் சானமாவு காட்டுக்குள் தங்கும். வழியெல்லாம் முற்றிய ராகி. இரண்டு மாதம் கண்விழித்துப் பரண்மேல் காவல் இருக்கும் விவசாயிக்கு ஒரே ராத்திரியில் எல்லாம் போய்விடும். அவருடைய கோபத்தை நாம் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் மூன்று பெண் யானைகள் செத்துக் கிடந்தன. இரண்டு குட்டிகள் தாய்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. அந்தப் படத்தைப் பார்த்த நாள் ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு பக்கமும் வலி உள்ள இடம் இது. அங்கே வேடிக்கை பார்க்கப் போகிறவர் அந்த வலியைக் கூட்டாமல் இருந்தாலே பெரிய உதவி.

அதற்கு முதலில், "சானமாவுல யானை நிக்குதாம், வா பார்க்கலாம்" என்று வண்டி எடுக்காதீர்கள். கூட்டம் கூடிச் சத்தம் போட்டால் யானை திசை மாறி வயலுக்குள் இறங்கும், ஊருக்குள்ளும் வரும். படம் எடுத்தால் இடத்தின் பெயரைப் போடாதீர்கள்.

அஞ்செட்டி, ஜவளகிரிச் சாலைகளில் பொழுது சாய்ந்த பிறகும் விடிவதற்கு முன்பும் வண்டி ஓட்ட வேண்டாம், குறிப்பாக இருசக்கர வண்டி. சாலையில் யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன் கூடாது, லைட்டை அடித்து அடித்து அணைக்கக் கூடாது, இறங்கக் கூடாது. மெதுவாகப் பின்னால் எடுங்கள். அது தானாகத் தாண்டிப் போகும். குட்டியோடு இருந்தால் இன்னும் தூரம், இன்னும் நேரம் கொடுங்கள்.

நடக்கும்போது வழிகாட்டி முன்னால், நீங்கள் பின்னால், இடைவெளி விடாமல். அவர் கை தூக்கினால் நில்லுங்கள். ஏன் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். புது லத்தி (யானைச் சாணம்), ஈரம் காயாத கிளை முறிவு, சாணமும் புல்லும் கலந்த ஒரு வாடை, இவை மூன்றும் யானை பக்கத்தில் என்பதற்கு அடையாளம். முக்கியமாக உன்னிச்செடிப் புதர். வெளிநாட்டிலிருந்து அழகுச் செடியாக வந்து எங்கள் காட்டை மூடிவிட்ட களை அது. புல் முளைக்க விடாது, யானைக்கும் மானுக்கும் தீனி குறையும். ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து நிற்பதால் பத்தடி தூரத்தில் நிற்கும் யானைகூடக் கண்ணுக்குத் தெரியாது. அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுங்கள்.

பாம்பு பற்றி ஒரு வரி. கால் வைக்கும் இடத்தையும் கை வைக்கும் பாறையையும் பார்த்து வையுங்கள். கடித்துவிட்டால் கட்டு இறுக்காதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள், சிக்னல் இல்லையென்றால் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

மலை ஊர்க்காரர்களிடம்

வத்தல்மலையிலும் சித்தேரியிலும் வாழ்பவர்களை 'மலையாளி' என்பார்கள். கேரளத்தோடு இதற்குச் சம்பந்தமில்லை. தமிழ் பேசும் பழங்குடி மக்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள். புதிதாக வரும் பலர் "நீங்க கேரளாவா?" என்று கேட்டுவிடுகிறார்கள், அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன். மேலகிரிப் பக்கம் இருளர்கள் உண்டு. தேன்கனிக்கோட்டை ஊர்களில் கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து ஒலிக்கும்.

சித்தேரிக்குப் போகிறவர்கள் வாச்சாத்தியைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அந்த மலையடிவாரத்து ஊர் அது. 1992 ஜூன் 20-ஆம் தேதி, சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் உள்ளே புகுந்தார்கள். ஊரைச் சூறையாடினார்கள், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் தண்டித்தது. 2023-இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. வண்டியில் வந்து இறங்கும் வெளியூர்க்காரனை ஒரு பாட்டி ஏன் கதவுக்குப் பின்னால் நின்று பார்க்கிறாள் என்பது இதைத் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

ஊருக்குள் நுழையும்போது கேமராவைப் பைக்குள் வையுங்கள். முதலில் வணக்கம் சொல்லி, எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று சொல்லுங்கள். வயதானவர்களை அய்யா, அம்மா என்றும் நடுவயதுக்காரர்களை அண்ணா, அக்கா என்றும் கூப்பிடுங்கள். "படம் எடுக்கலாமாக்கா?" என்று கேட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்குச் சாக்லேட் அள்ளிக் கொடுக்காதீர்கள். உறை காட்டில் போகும், கை நீட்டும் பழக்கமும் வரும். சாப்பாடு வேண்டுமென்றால் காலையிலேயே சொல்லிவிட்டு, விலையையும் பேசிவிடுங்கள். ராகிக் களியும் கீரைக் குழம்பும் கொள்ளுச் சட்னியும் கிடைக்கும். வத்தல்மலைக் காப்பிக்கொட்டை, சாமை, தேன் வாங்கினால் பேரம் பேசி விலையைக் குறைக்காதீர்கள். சாமையைப் புடைத்து உமி நீக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

காட்டில் விழுந்து கிடக்கும் புளி, நெல்லி, கடுக்காய் எதையும் பொறுக்காதீர்கள். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமை காட்டில் வாழும் மக்களுக்கு உரியது. உங்களுக்கு அது ஒரு கைப்பிடி, அவர்களுக்கு ஒரு பருவத்து வருமானம்.

கிருஷ்ணகிரிப் பக்கம் நடக்கையில் வயலோரம் செதுக்கிய கல் நிற்பதைப் பார்ப்பீர்கள். அது நடுகல். மல்லசந்திரத்தில் மொத்தமாக ஒரு குன்றே கற்திட்டைகளால், அதாவது பலகைக் கற்களை நிறுத்தி மூடிய பழங்கால ஈமச்சின்னங்களால், நிறைந்திருக்கிறது. மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். இந்தக் கற்களின் மேல் ஏறி உட்காராதீர்கள், எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் தேய்க்காதீர்கள். சில நடுகற்களுக்கு ஊர்க்காரர்கள் இன்னமும் பொங்கல் வைக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போங்கள்.

திரும்பும்போது

பென்னாகரம், ஒகேனக்கல் மலைச்சாலையில் குரங்குகளுக்குப் பிஸ்கட் போடாதீர்கள். தின்னப் பழகிய குரங்கு சாலை நடுவிலேயே உட்காரும், அடுத்த வண்டியில் அடிபடும். ஓரத்தில் வண்டி நிறுத்திப் பாட்டில் உடைக்கும் கூட்டத்தைப் பார்த்தால் வண்டி எண்ணைக் குறித்து வனச் சோதனைச் சாவடியில் சொல்லுங்கள். உடைந்த கண்ணாடி யானையின் பாதத்தில் ஏறினால் புண் புரையோடி அது மாதக்கணக்கில் நொண்டும்.

குப்பைக்கு வீட்டிலிருந்தே ஒரு துணிப்பை கொண்டுவாருங்கள். காட்டுக்குள் குப்பைத்தொட்டி இருந்தாலும் அதில் போடாதீர்கள். பன்றியும் குரங்கும் கிளறிவிடும். பையைக் கட்டி உங்கள் ஊருக்கே எடுத்துப் போங்கள். அவசரத்துக்கு ஒதுங்க வேண்டியிருந்தால் ஓடையிலிருந்து நூறு அடியாவது தள்ளி, ஒரு சாண் குழி தோண்டி மூடிவிடுங்கள்.

வீட்டுக்குப் போனதும் ஷூவை வாசலிலேயே தட்டுங்கள், களை விதைகள் ஒட்டியிருக்கும். உடுத்திய துணியை வெந்நீரில் போடுங்கள். அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னால் என்று பிள்ளைகளுக்கு உண்ணி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் நசுக்காமல், தோலோடு ஒட்டிய இடத்தில் இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள். அடுத்த இரண்டு, மூன்று வாரத்துக்குள் விடாத காய்ச்சலும் தலைவலியும் வந்தால், உடம்பில் சிகரெட் சுட்டது போல ஒரு கருத்த புண் தெரிந்தாலும், மருத்துவரிடம் போங்கள். புதருக்குள் இருக்கும் சிறு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலாக இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையில் குணமாகிவிடும். எந்தக் காட்டுக்கு, எந்தத் தேதியில் போனீர்கள் என்பதை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.